ஆற்றில் தண்ணீர் வரவில்லை. கர்நாடகா மீது நான் வழக்குப் போடலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனஹள்ளி பகுதியிலிருந்து, மாநில எல்லையை ஒட்டிய கிராமத்தில் விவசாயம் பார்க்கும் 54 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் இறந்து மூன்று ஆண்டாகிறது. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறார். மொத்த நிலம் 2 ஏக்கர் 40 சென்ட். அதில் 1 ஏக்கர் 10 சென்ட் ஊர் ஏரியின் ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் பரப்பில் உள்ள நன்செய். மீதி மார்க்கண்டேய நதிக் கரையை ஒட்டிய புன்செய். அதில் 45 அடிக் கிணறும், இலவச மின்சாரத்தில் ஓடும் 5 எச்.பி. மோட்டாரும் உண்டு. கோடையில் கிணறு வற்றிவிடுவதால், கணவர் காலத்திலேயே கிணற்று இணைப்பிலிருந்து ஒயர் இழுத்து, ஆற்றங்கரைப் புறம்போக்கில் இன்னொரு மோட்டார் வைத்துத் தக்காளிக்குத் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். இது 26 ஆண்டுகளாக நடக்கிறது.

இப்போது அந்த மோட்டாரையும் பைப்பையும் எடுக்கச் சொல்லித் தாசில்தார் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். விளக்கம் தர ஏழு நாள் கெடு. இதற்கிடையில் ஊரில் ஒரு சங்கம், “கர்நாடகா மார்க்கண்டேய நதியில் கட்டிய யார்கோள் அணையால்தான் ஆறு காய்ந்தது, மைசூரோடு சென்னை மாகாணம் போட்ட 1892 ஒப்பந்தம் நம் பக்கம் இருக்கிறது, சுப்ரீம் கோர்ட்டில் கேஸ் போட்டால் ஏக்கருக்கு நஷ்டஈடு வரும்” என்று வீட்டுக்கு 10,000 ரூபாய் கேட்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆற்றில் சேரும் ஓடையில் யாரோ மணல் மூட்டை அடுக்கி மறித்திருக்கிறார்கள் என்பது இன்னொரு குறை. போன பெருமழையில் ஆறு இரண்டு வாரம் ஓடியும் ஏரி கால்வாசிகூட நிரம்பவில்லை என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று கொழுந்தனார் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார்.

அம்மா, நீங்கள் கர்நாடகாவைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடனடிக் கவலை அந்த ஏழு நாள் நோட்டீஸ். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நோட்டீசுக்கு என்ன பதில்

மகன் எழுதி வைத்திருக்கும் பதிலை அனுப்ப வேண்டாம். “26 ஆண்டுகளாக இந்த இடத்தில் மோட்டார் வைத்துத் தண்ணீர் எடுத்து வருகிறோம், இது எங்கள் அனுபவ உரிமை” என்று அதில் இருக்கிறது. உரிமையை நிலைநாட்டுவதாக நினைத்து எழுதியதுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது புறம்போக்கு ஆக்கிரமிப்பை ஒப்புக்கொண்ட வாக்குமூலம். வசதியுரிமைச் சட்டம் 1882-ன் 15-வது பிரிவுப்படி, தனியார் நிலத்தின் மேல் அனுபவ உரிமை வர 20 ஆண்டு போதும். அரசு நிலமென்றால் 30 ஆண்டு வேண்டும். உங்களுக்கு 26 தான் ஆகிறது. 30 ஆகியிருந்தாலும், இயற்கையாக ஓடும் ஆற்றுநீரை ஒழுங்குபடுத்தும் அரசின் அதிகாரத்தை அதே சட்டத்தின் 2-வது பிரிவு தனியே காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆற்றுப் படுகையும் கரைப் புறம்போக்கும் அரசின் சொத்து என்பதைத் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905 சொல்கிறது. உங்கள் நோட்டீஸ் அதன் 7-வது பிரிவில் வந்ததாகத்தான் இருக்கும். மேலே பிரிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதைவிட ஆபத்து மின் இணைப்பில் இருக்கிறது. இலவச விவசாய இணைப்பு குறிப்பிட்ட சர்வே எண்ணில் உள்ள குறிப்பிட்ட கிணற்றுக்குக் கொடுக்கப்பட்டது. அதிலிருந்து ஒயர் இழுத்து வேறு இடத்தில் மோட்டார் ஓட்டுவது மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவில் அனுமதியற்ற பயன்பாடு. இரண்டு மடங்கு கட்டணம் கணக்கிட்டு வசூலிக்கலாம். வருவாய்த் துறைக் கோப்பு மின்வாரியத்துக்குப் போவதற்கு முன் அந்த ஒயரைக் கழற்றிவிடுங்கள். இதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

பதில் ஒரு பக்கம் போதும். மோட்டாரை எடுத்துவிட்டோம் அல்லது இன்ன தேதிக்குள் எடுத்துவிடுவோம் என்று சொல்லுங்கள். பட்டா நிலத்துக் கிணறும் அதற்கான இணைப்பும் இந்த நோட்டீசில் சேராது என்று சர்வே எண்ணோடு தனியாக எழுதுங்கள். ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்க அனுமதி கோரி நீர்வளத்துறைக்குத் தனி மனு கொடுத்திருப்பதாகவும் சேருங்கள்; அந்த மனுவை அதற்கு முன்பே உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் உண்மையாகவே கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்க வேண்டும். கரையோர நிலத்துக்காரர் குடிக்க, மாட்டுக்குக் காட்ட, அந்த நிலத்துக்குப் பாய்ச்ச, கீழே உள்ளவர்களுக்குக் கேடு வராத அளவில் ஆற்றுநீரை எடுக்கலாம் என்பது வசதியுரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவு காட்டும் இயல்பான உரிமை. அனுமதி மனுவில் இதைச் சொல்லலாம். ஆனால் அந்த உரிமை உங்கள் நிலம் ஆற்றைத் தொடுகிறது என்பதால் வருகிறது. புறம்போக்கில் மோட்டார் நின்றதால் வருவதில்லை.

நோட்டீஸ் உங்கள் கணவர் பெயரில்தானே வந்திருக்கிறது? பட்டா இன்னும் மாறவில்லை என்று அதிலிருந்தே தெரிகிறது. வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவையும் மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கோ கூட்டாகவோ மாற்றுங்கள். நஷ்டஈடு, அனுமதி, நீதிமன்றம் எதற்குப் போனாலும் முதல் கேள்வி “நீங்கள் யார்” என்பதுதான். பெயர் மாறவில்லை என்பதற்காக நோட்டீசை வாங்காமல் திருப்பிவிடாதீர்கள். கதவில் ஒட்டிவிட்டு, உங்கள் தரப்பைக் கேட்காமலே நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 6-வது பிரிவில் அகற்றும் உத்தரவு போட்டுவிடுவார்கள். அப்படி உத்தரவு வந்தால் அதே சட்டத்தின் 10-வது பிரிவில் மேல்முறையீடு உண்டு. அன்றைக்கே சான்று நகலுக்கு மனுப் போடுங்கள்.

உங்களிடம் இருப்பது மூன்று வகைத் தண்ணீர்

கடிதத்தில் “எங்கள் தண்ணீர்” என்று ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் அவை மூன்று.

ஆற்று மோட்டார்த் தண்ணீர் மிக பலவீனமானது, அதைச் சொல்லிவிட்டேன்.

கிணற்றுத் தண்ணீர் உங்கள் நிலத்துக்குள் எடுக்கும்வரை உங்களுடையது. தமிழ்நாட்டின் 2003 நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-ல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் இந்த உரிமைக்கு மறுபக்கமும் உண்டு. நிலத்துக்கடியில் வரையறுத்த வழியில்லாமல் ஊறி வரும் நீருக்கு அனுபவ உரிமை கிடையாது. மேலே அணை கட்டியதால் என் கிணற்று ஊற்று குறைந்தது என்று மட்டும் சொல்லி நஷ்டஈடு வாங்க முடியாது.

ஏரித் தண்ணீர்தான் உங்கள் கையிலுள்ள கனமான உரிமை. ஆயக்கட்டு நன்செய்யாகப் பதிவாகி, அதற்குரிய தீர்வை கட்டிவரும் நிலத்துக்கு மாமூல் பாசனம், அதாவது வழக்கமாகக் கிடைத்துவந்த அளவு தண்ணீர் உண்டு. அரசு மதகை மாற்றலாம், முறை வைக்கலாம், வழியைக்கூட மாற்றலாம். வழக்கமான அளவு வெகுவாகக் குறையும்படி செய்யக் கூடாது என்பது சென்னை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் நெறி. அதனால்தான் உங்கள் கடிதத்தின் கடைசி வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆறு இரண்டு வாரம் ஓடியும் ஏரி நிரம்பவில்லை என்றால் அந்தக் குறை யார்கோளில் இல்லை. ஆற்றில் நம் பக்கத்துத் தடுப்பணையிலிருந்து ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயில் இருக்கிறது. தலைப்பு மதகில் மண் ஏறியிருக்கலாம். கால்வாயை யாராவது வரப்போடு சேர்த்து உழுதிருக்கலாம். பாதைக்காகச் சின்னக் குழாய் பதித்து மண் கொட்டியிருக்கலாம். சீமைக் கருவேலம் மண்டியிருக்கலாம். மூன்று அடிக் கால்வாயில் ஓர் அடிக் குழாய் ஒன்று போதும், ஏரி நிரம்பாமல் போக.

கால்வாயை ஒரு முறை தலைப்பிலிருந்து ஏரி வரை நடந்து பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டில் கால்வாய்ப் புறம்போக்கின் சர்வே எண், பரப்பு என்ன என்று கேளுங்கள். புல வரைபடத்தில் அகலம் அளவோடு இருக்கும். இன்று தரையில் இருக்கும் அகலத்தை அதே இடங்களில் டேப் பிடித்து அளந்து, படத்தோடு ஆயக்கட்டுக்காரர்கள் நான்கைந்து பேர் கையெழுத்திட்டு, தாசில்தாரிடம் அளவீடு கோருங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத்துறையுடையது. குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்துப் பதிவெண் வாங்குங்கள். கூடவே 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: ஏரியின் கொள்ளளவு, ஆயக்கட்டுப் பதிவேட்டு நகல், வரத்துக் கால்வாய் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு. இத்தனை தாளும் கையில் இருந்து, அதிகாரிகள் அசையவில்லை என்றால், சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். இந்த வழக்கில் எதிர்த்தரப்பு நம் மாநில அதிகாரிகள். வெல்லக்கூடிய வழக்கு.

1892 ஒப்பந்தமும் யார்கோள் அணையும்

உங்கள் ஆதங்கம் நியாயமானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். யார்கோள் அணை அரை டி.எம்.சி., அதாவது 50 கோடி கன அடி கொள்ளளவு. கோலார், பங்காருப்பேட்டை, மாலூர் ஊர்களின் குடிநீருக்காகக் கட்டியது. பெருவெள்ளத்தை இந்த அணையால் நிறுத்த முடியாது, நிறைந்தால் வழியும். அது பிடித்து வைப்பது பருவத் தொடக்கத்தின் சிறுவரத்தை. ஆவணியில் மெல்ல ஓடத் தொடங்கி கிணறுகளை ஊற வைத்த தண்ணீர் இப்போது ஐப்பசி வெள்ளத்தில் மட்டும் வந்து போகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது அணையின் இயக்கத்தோடு பொருந்துகிறது.

1892 பிப்ரவரியில் சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தம், பட்டியலிட்ட 15 முதன்மை ஆறுகளில் சென்னையின் முன் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டக் கூடாது என்றது. அந்தப் பட்டியலில் தென்பெண்ணை உண்டு. 2018-ல் காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 1892 ஒப்பந்தம் செல்லாது என்ற வாதத்தை ஏற்கவில்லை. இதுவரை சங்கத்தார் சொல்வது சரி. ஆனால் மார்க்கண்டேய நதி தென்பெண்ணையின் கிளை. கிளைக்கும் ஒப்பந்தம் பொருந்துமா, பாசனத்துக்கு இல்லாமல் குடிநீருக்குக் கட்டிய அணைக்குப் பொருந்துமா என்பவை தீர்க்கப்பட வேண்டிய கேள்விகள். ஒப்பந்தம் இருப்பதாலேயே அணை சட்டவிரோதம் என்று ஆகிவிடாது.

அந்தக் கேள்விகளை யார், எங்கே கேட்கலாம் என்பதில்தான் சங்கத்தின் பேச்சு தவறுகிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 131-வது பிரிவில் உச்ச நீதிமன்றத்தில் நேரடி வழக்குப் போடும் உரிமை அரசுகளுக்கு மட்டுமே. தமிழ்நாடு அரசு 2018-லேயே போட்டது. 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்து, நதிநீர்த் தீர்ப்பாயம் கேட்டு மத்திய அரசை அணுகச் சொன்னது. தமிழ்நாடு அம்மாதமே கேட்டது; பேச்சுவார்த்தைக் குழு, மீண்டும் உச்ச நீதிமன்றம் என்று ஆண்டுகள் ஓடின. மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டம் 1956-ன் 11-வது பிரிவு, தீர்ப்பாயத்துக்கு அனுப்பக்கூடிய தகராறை எந்த நீதிமன்றமும் விசாரிப்பதைத் தடுக்கிறது. கிருஷ்ணகிரி நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ “அணையைத் திற” என்று சொல்லாது.

விவசாயிகளுக்கு இதில் இடமே இல்லை என்றும் நினைக்காதீர்கள். காவிரியில் 1983-ல் தஞ்சைப் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்று தீர்ப்பாயம் அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் போனது. மாநில அரசு பக்கபலமாக நின்றது. 1990 மே மாதம் உத்தரவு வந்து, ஜூனில் தீர்ப்பாயம் அமைந்தது. அந்தச் சங்கம் கேட்டது தீர்ப்பாயம் அமைக்க ஓர் உத்தரவு. ஏக்கருக்கு நஷ்டஈடு கேட்கவில்லை. இறுதித் தீர்ப்பு 2007-ல் வந்தது, அரசிதழில் ஏறியது 2013-ல். தீர்ப்பாயம் மாநிலங்களுக்குள் தண்ணீரைப் பிரிக்கும். உங்கள் தக்காளிக்கு இழப்பீடு போட்டுத் தராது.

ஆகவே அந்த 10,000 ரூபாயைக் கொடுக்கும் முன் கேளுங்கள்: சங்கம் பதிவு பெற்றதா, பொதுக்குழுத் தீர்மானம் எங்கே, வழக்கறிஞர் யார், மனுவில் கேட்கும் பரிகாரம் என்ன, ரசீது தருவீர்களா. மனு வரைவைக் காட்ட மறுத்தாலோ, அதில் நஷ்டஈடுதான் முக்கியப் பரிகாரம் என்றாலோ கொடுக்க வேண்டாம்.

கொழுந்தனார் சொல்லும் பசுமைத் தீர்ப்பாயம் மாசு போன்ற சுற்றுச்சூழல் வழக்குகளுக்கானது. அதன் சென்னை அமர்வின் எல்லைக்குள் கர்நாடகாவும் வருவதால், ஓசூர் அருகே தென்பெண்ணையில் உள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது போன்ற பிரச்சினைக்கு அது பொருத்தமான இடம். தண்ணீர்ப் பங்கீட்டுக்கு அல்ல.

எல்லை தாண்டிய மணல் மூட்டைகள்

இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான தகராறு அல்ல. 11-வது பிரிவுத் தடை நேரடியாக வராது. நிலம் கிருஷ்ணகிரியில் இருப்பதால் சேதத்துக்கு இங்கேயே சிவில் வழக்குப் போட வழி இருக்கிறது. ஆனால் யார் அடுக்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டும், தீர்ப்பை அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறைவேற்ற வேண்டும். அதற்குள் இரண்டு போகம் போய்விடும். ஓடைப் புறம்போக்கை மறிப்பது அங்கேயும் தவறுதான். கன்னடத்தில் ஒரு மனு எழுதி, படமும் இருப்பிடக் குறியீடும் வைத்து, அந்தத் தாலுகா தாசில்தாருக்கும் சிறுபாசனத் துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகலை நம் ஆட்சியருக்குக் கொடுத்து, கோலார் மாவட்ட ஆட்சியருடன் பேசிக் கூட்டு ஆய்வு நடத்தக் கோருங்கள். நீங்களே போய் மூட்டையைப் பிரிக்காதீர்கள். நம் பக்கத்து இளைஞர்களையும் விடாதீர்கள். அங்கே அது குற்ற வழக்காகும், பிறகு எந்த அதிகாரியும் உங்கள் மனுவைப் படிக்க மாட்டார்.

இன்றிலிருந்து எழுத வேண்டிய கணக்கு

மாநில அரசு தீர்ப்பாயத்தில் “எங்கள் விவசாயிகள் பாதிக்கப்பட்டார்கள்” என்று சொல்லும்போது ஊர்வாரியான அளவுகள் இருந்தால்தான் பேச்சு எடுபடும். 1956 சட்டத்தின் 3-வது பிரிவே, மாநிலத்தின் நலன் மட்டுமல்ல, அதில் வசிப்பவர்களின் நலன் பாதிக்கப்பட்டாலும் புகார் செய்யலாம் என்கிறது. “முன்னே நிறைய வந்தது” என்பது சாட்சியம் ஆகாது.

தடுப்பணைக்கு மேலே ஆறு நேராக, தரை சமமாக ஓடும் 30 அடி நீளத்தைத் தேர்ந்து இரு முனையிலும் குச்சி நடுங்கள். அகலத்தை அளந்து, குறுக்கே ஐந்து இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். பாதி தண்ணீர் நிரப்பி மூடிய பிளாஸ்டிக் பாட்டிலை நடு ஓட்டத்தில் விட்டு, 30 அடியைக் கடக்க எத்தனை விநாடி என்று மூன்று முறை பாருங்கள். அகலம் 12 அடி, ஆழம் முக்கால் அடி, 20 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு ஒன்றரை அடி. பெருக்கினால் 13.5, மேல்மட்ட ஓட்டம் அடிமட்டத்தைவிட வேகம் என்பதால் 0.85-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய விநாடிக்கு 11.5 கன அடி. விநாடிக்கு ஒரு கன அடி ஓட்டம் ஒரு நாளுக்கு சுமார் 24.5 லட்சம் லிட்டர். இந்த ஓட்டத்தில் யார்கோள் நிறைய 500 நாள் ஆகும். சிறுவரத்து முழுவதையும் அந்த அணையால் விழுங்க முடியும் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

ஆறு ஓடும் நாட்களில் வாரம் இரு முறை இதைச் செய்யுங்கள். கிணற்று மட்டத்தை மாதம் இரு முறை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், அதே கைப்பிடிச் சுவர் விளிம்பிலிருந்து அளங்கள். அதே நோட்டில் மழை அளவும் இருக்க வேண்டும்; தாலுகா மழைமானிக் கணக்கைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். இல்லாவிட்டால் “மழை பொய்த்தது” என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். ஏரி நீர்மட்டத்தையும் குறித்தால் ஆற்றுக் குறை எது, கால்வாய்க் குறை எது என்று தனித்தனியாகத் தெரியும். தேதி போட்டு, ஆயக்கட்டுக்காரர் இருவர் கையெழுத்துடன், மாதக் கடைசியில் நகலை நீர்வளத்துறை உதவிப் பொறியாளரிடம் கொடுத்து, உங்கள் பிரதியில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.